குழந்தை வளரும், கருவி வளராது

பெரியவர்களின் இதயத்துக்குள் கதீட்டர் செலுத்துபவரும் குழந்தைகளின் இதயத்துக்குள் செலுத்துபவரும் ஒரே மாதிரி அறையில்தான் நிற்கிறோம். அதே கேத் லேப் மேசை, அதே எக்ஸ்ரே திரை, தோளில் அதே ஈய அங்கி. வேறுபாடு காலக்கணக்கில் இருக்கிறது. அறுபத்தைந்து வயதுக்காரரின் அடைப்பை நீக்குகிறவர் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளை நினைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார். ஆறு கிலோ குழந்தைக்கு முன்னால் நிற்கும் நான் அடுத்த எழுபது ஆண்டுகளை நினைக்க வேண்டும். இந்தக் குழந்தை இன்னும் பத்து மடங்கு எடை கூடும். இதயமும் கூடவே வளரும். நான் உள்ளே விட்டுவிட்டு வரும் உலோகம் மட்டும் இன்றைய அளவிலேயே இருக்கும். இந்த வேலையில் நான் கற்றவை எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவைதான்.

புதுச்சேரிக்கு மருத்துவம் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரில் கோரிமேட்டில் இயங்குகிறது. அந்தப் பழக்கத்தில் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, கடலூர், காரைக்கால் என்று நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்தச் சிறு நகரத்துக்கு வருகிறார்கள். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். இந்தியா முழுவதும் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிறந்தநாளுக்குள் சிகிச்சை வேண்டும்.

அந்தக் குழந்தைகளை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அம்மாதான். “பால் குடிக்க சொல்ல நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது சார், ரெண்டு வாய் உறிஞ்சிட்டு விட்டுடறான்” என்று ஒருவர் சொல்லும்போது பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மாடிப்படி ஏறுவது போன்ற உழைப்பு. அதில் மூச்சு வாங்கினால், எடை ஏறாமல் நின்றால், சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தால், எக்கோ பார்த்துவிட வேண்டும். நீலம் பாயும் வகைக் குறைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத நீலமும் எண்ணில் தெரிந்துவிடும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போய்ப் பரிசோதிப்பதால், எங்கள் வாசலுக்கு வரும் பிள்ளைகளின் வயது குறையத் தொடங்கியிருக்கிறது. எனக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சார், கத்தி வைக்காம பண்ணிட முடியுமா?” அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். மார்பைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகச் சென்று, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பக்கூடிய சிகிச்சை என்பது பெரிய கொடை. ஆனால் நான் பதில் சொல்வதற்கு முன் எக்கோ மேசையில் நெடுநேரம் இருப்பேன். ஓட்டை எங்கே, எத்தனை மில்லிமீட்டர், அதன் விளிம்பு எந்தப் பக்கம் எவ்வளவு, பக்கத்தில் எந்த வால்வு, எந்தச் சிரை. கதீட்டர் வேலையின் பெரும்பகுதி கையுறை மாட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த அளவுகள் பொருந்தவில்லை என்றால் “இதை அறுவை சிகிச்சை நிபுணர் செய்யட்டும்மா, அதுதான் பாப்பாவுக்கு நல்லது” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தழும்பு இல்லாத மார்புக்காக, முப்பது வயதில் தொந்தரவு தரும் கருவி ஒன்றை உள்ளே வைப்பது நல்ல பேரம் அல்ல.

இனி மேசைக்கு வருவோம். எங்கள் குழாய்களின் தடிமனை ‘ஃபிரெஞ்ச்’ என்ற அலகால் அளக்கிறோம். பாரிஸ் நகரக் கருவிப் பட்டறைக்காரர் ஷாரியேர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. மூன்று ஃபிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கைக்குழந்தைக்கு 4 ஃபிரெஞ்ச் கதீட்டர் என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய். அது போகும் தொடைச் சிரையே சில மில்லிமீட்டர் அகலம்தான். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஒரே குத்தில் உள்ளே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அன்றைய வேலை மட்டும் அல்ல. பல குழந்தைகள் பத்து வயதிலோ இருபது வயதிலோ மறுபடி இதே மேசைக்கு வருவார்கள். இன்று அந்தச் சிரையை அடைத்துவிட்டால் அன்றைக்கு வருகிறவருக்கு வழி இருக்காது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு ஃபிரெஞ்ச்கூடப் பெரிய ஷீத், அதாவது கதீட்டர் நுழையும் உறைக்குழாய், போடுவதில்லை, வேலை முடிந்ததும் ஒரு நிமிடம்கூட அதை உள்ளே விட்டுவைப்பதில்லை. எடுத்த பிறகு அழுத்திப் பிடிப்பதும் ஒரு கலை. ரத்தம் நிற்க வேண்டும், ஆனால் பாதத்தில் நாடி நிற்கக் கூடாது. எங்கள் செவிலியர்கள் ஒரு விரலால் தொடையை அழுத்திக்கொண்டு மறுகையால் கால்விரல்களின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கைகளுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் அதிகம் வருவது பி.டி.ஏ. கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்து ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்த இரண்டு மூன்று நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் திரும்ப நுரையீரலுக்கே பாய்ந்து இதயத்தை வீங்க வைக்கும். இதை மார்பைத் திறக்காமல் முதலில் அடைத்துக் காட்டியவர் கிழக்கு பெர்லினின் போர்ஸ்ட்மன், 1967-ல். அவருடைய நுரைத் தக்கை பெரியது, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. பிறகு சுருள்கம்பிகள் வந்தன. மினசோட்டாவில் பணியாற்றிய கர்ட் ஆம்ப்ளாட்ஸ் நிட்டினால் என்னும் நிக்கல்-டைட்டானியக் கம்பியைப் பின்னிச் செய்த கருவிகள் 1990-களில் வந்து எல்லாவற்றையும் மாற்றின. நீட்டி மெல்லிய குழாய்க்குள் அடக்கலாம், வெளியே வந்ததும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். 2019-ல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற பிக்கோலோ என்னும் கருவியை 700 கிராம் குறைப்பிரசவக் குழந்தைக்கும் வைக்கலாம்.

கருவியைத் திறந்து குழாய்க்குள் அமர்த்திய பிறகும் அது ஒரு கம்பியின் நுனியில் திருகப்பட்டிருக்கும். அந்தத் திருகைக் கழற்றும்வரை எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கழற்றிவிட்டால் அது குழந்தைக்குச் சொந்தம். அதனால் அந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நிற்பேன். சாயம் செலுத்தி ஒரு படம். மகாதமனியில் கருவி துருத்துகிறதா, அங்கே அழுத்த வித்தியாசம் இருக்கிறதா? எக்கோவில் இடது நுரையீரல் தமனிக்கு ரத்தம் தடையில்லாமல் போகிறதா? இன்று மூன்று மில்லிமீட்டர் துருத்தலாகத் தெரிவது, சிறு குழந்தையின் தமனியில் நாளைக்கு நெருக்கடி. சரியில்லை என்றால் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவோம். விலையுயர்ந்த கருவி ஒன்று வீணாகலாம், அது பரவாயில்லை. எல்லாம் சரி என்றால் எதிர்த்திசையில் சில சுற்று. ஸ்டெதஸ்கோப்பில் காலையில் ஓயாமல் கேட்ட இரைச்சல் சாயங்காலம் இல்லை. இந்த ஒலி மறைவதைக் கேட்கும் சந்தோஷம் இத்தனை ஆண்டுகளிலும் எனக்குப் பழகிப்போகவில்லை.

பலூன் சிகிச்சை இன்னொரு பாடம் கற்பித்தது. நுரையீரல் தமனி வால்வு ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு வலது கீழறை அளவுக்கு மீறிய அழுத்தத்தோடு போராடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜீன் கானும் உடன் பணியாற்றியவர்களும் 1982-ல் பலூனால் அதை விரிக்கலாம் என்று எழுதினார்கள். இன்று அதுதான் முதல் சிகிச்சை. பலூன் ஊதும்போது நடுவில் ஓர் இடுப்பு தெரியும். ஒட்டியிருக்கும் வால்வுதான் அது. சட்டென்று அந்த இடுப்பு மறையும். அந்தச் சில நொடிகளில் குழந்தையின் ரத்த அழுத்தம் இறங்கும், பலூனைச் சுருக்கியதும் ஏறும். தொடக்க காலத்தில் வால்வு வளையத்தைப்போல 1.4 மடங்குவரை பலூன் போட்டார்கள். அன்றைக்கு அழுத்தம் அற்புதமாக இறங்கியது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோதுதான், அளவுக்கு மீறித் திறந்த வால்வு ரத்தத்தைப் பின்னோக்கிக் கசியவிட்டு வலது கீழறையை விரிய வைப்பது தெரிந்தது. அதனால் இப்போது 1.2, 1.25 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அன்றைய திரையில் தெரியும் எண்ணைவிட இருபது ஆண்டு கழித்துத் தெரியும் எண் முக்கியம் என்பதை இந்தத் துறைக்கு அந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

மேலறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை, அதாவது ஏ.எஸ்.டி., பொறுமையைக் கற்பிக்கும். பெரும்பாலும் மூன்று நான்கு வயதுவரை காத்திருக்கலாம். சிறியவை தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. பெற்றோருக்குக் காத்திருப்பது கடினம். “ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றீங்களே?” என்று கேட்பார்கள். ஒரு அப்பா, “வளர்ற பிள்ளைதானே சார், கொஞ்சம் பெரிசாவே வெச்சிடுங்க” என்றார். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிற வீடுகளில் இது நியாயமான யோசனைதான். இதயத்தில் அது ஆபத்து. கருவியின் இரண்டு தட்டுகளும் சுவரைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் அதன் விளிம்பு மேலறையின் கூரையிலும் மகாதமனிச் சுவரிலும் ஒவ்வொரு துடிப்புக்கும் உரசும். அரிதாக, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, அந்த இடம் அரிக்கப்பட்டுத் துளைவிழலாம். எனவே மெல்லிய பலூனை ஓட்டைக்குள் மெதுவாக ஊதி, எக்கோவில் ரத்தக் கசிவு நிற்கும் அந்தக் கணத்தில் ஊதுவதை நிறுத்தி அளக்கிறோம். கருவி அமர்ந்ததும் கம்பியை முன்னும் பின்னுமாக உறுதியாக அசைத்துப் பார்க்கிறோம். சரியான அளவில் வைத்த கருவியின் மேல் சில மாதங்களில் உடலின் சொந்தச் சவ்வு படர்ந்துவிடும். இதயம் வளரும்போது சுற்றியுள்ள சுவரும் வளரும், கருவி சுவரின் பகுதியாகிவிடும். கருவி வளராவிட்டாலும் பாதகம் இல்லாத நிலைமை இது. அதைச் சாத்தியமாக்குவது அளவு மட்டுமே.

கீழறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டையில் நான் இன்னும் கெட்டியாக இருப்பேன். வால்வுக்குக் கீழே அமைந்த வகையின் விளிம்பையொட்டித்தான் இதயத்தின் மின்கம்பி மாதிரியான நார் ஓடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்த கருவிகளில் சில அந்த நாரை அழுத்தியதால் குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு தடைப்பட்டு பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது. ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு பேஸ்மேக்கர் என்றால் வாழ்நாள் முழுக்க எத்தனை பேட்டரி மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். இன்று மென்மையான கருவிகள் இருக்கின்றன, பொருத்தமான பிள்ளைகளுக்கு நானும் வைக்கிறேன். ஆனால் சின்ன ஓட்டை, வீங்காத இதயம், ஓடியாடும் பிள்ளை என்றால் கையைக் கட்டிக்கொண்டு கவனிப்பதே என் வேலை.

காத்திருக்கவே முடியாத நேரமும் உண்டு. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் தனித்தனி வட்டத்தில் சுற்றும். இரண்டும் கலக்க ஒரு வழி திறந்தால்தான் உயிர். ஃபிலடெல்ஃபியாவில் ராஷ்கிண்ட் 1966-ல் காட்டிய முறை இன்றும் அப்படியே இருக்கிறது. மேலறைகளின் நடுச்சுவரைத் தாண்டி பலூனை ஊதி, சடக்கென்று இழுப்பது. அந்த இழுப்பில் வேகம் வேண்டும், தூரம் கூடாது. இழுத்த கை அங்குலத்துக்குள் நின்றுவிட வேண்டும். எக்கோ பார்த்துக்கொண்டே இன்குபேட்டர் பக்கத்திலேயே செய்யலாம். ஆக்ஸிஜன் அளவு கண்முன்னே ஏறும். அந்த ஓட்டை சில நாட்களுக்கான ஏற்பாடு, அறுவை சிகிச்சை வரை குழந்தையைக் கொண்டுசேர்ப்பதற்கானது. குறுக்குக் குழாயையே திறந்து வைப்பதற்குப் போடும் ஸ்டென்ட்டும் அப்படித்தான். பெரியவர்களின் இதயத் தமனிக்குச் செய்த ஸ்டென்ட்டை நீலக் குழந்தையின் குழாயில் வைத்து, அது எடை கூடும்வரை நாட்களைச் சம்பாதித்துக் கொடுக்கிறோம்.

மகாதமனி குறுகலுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது இந்தத் தொழிலின் கேள்வி முழு உருவில் வந்து நிற்கும். இருபது, இருபத்தைந்து கிலோ ஆன பிள்ளைக்கு, பிற்காலத்தில் பெரிய பலூனால் வளர்ந்தவரின் அளவுக்கு விரிக்கக்கூடிய ஸ்டென்ட்டாகப் பார்த்து வைக்கிறோம். இன்று 12 மில்லிமீட்டர், நாளை 18, 20. கைக்குழந்தைகளுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. 2024-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மினிமா ஸ்டென்ட் அந்தக் குறையைக் குறிவைத்தே உருவானது. கைக்குழந்தையில் வைத்து, வளர வளரப் பெரியவர் அளவுவரை விரிக்கலாம். இத்தனை காலம் பெரியவர்களின் கருவிகளைக் குழந்தைகளுக்கு ஒப்பேற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு, வளர்ச்சியை முதலிலேயே கணக்கில் எடுத்துச் செய்த கருவி ஒன்று வந்தது பெரிய ஆறுதல்.

நம் பக்கத்திலும் எல்லைகள் நகர்கின்றன. மேற்பெருஞ்சிரை நுழையும் இடத்தில் இருக்கும் சைனஸ் வெனோசஸ் ஓட்டை, அறுவை சிகிச்சைக்கே உரியது என்று நாங்கள் படித்தோம். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. சிவகுமாரின் குழுவினர், உறையிட்ட ஸ்டென்ட்டால் அதை மூட முடியும் என்பதைப் பல நோயாளிகளில் செய்து எழுதியிருக்கிறார்கள். வைப்பதற்கு முன் அதே இடத்தில் பலூனை ஊதி, நுரையீரல் சிரைக்கு வழி அடைபடவில்லை என்று உறுதிசெய்த பிறகே வைக்கிறார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடிந்தவர்களுக்குத்தான் இது. துணிச்சலும் கட்டுப்பாடும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இந்த வேலையை என் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்வேன்.

சீக்கிரம் வரும் பிள்ளைகளைக் கண்டு ஏன் மகிழ்கிறேன் என்று சொல்ல வேண்டும். பெரிய ஓட்டையோ பெரிய பி.டி.ஏ.-வோ ஆண்டுக்கணக்கில் திறந்திருந்தால், நுரையீரலின் நுண்தமனிகள் அந்த வெள்ளத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துவிடும். ஒரு கட்டத்தில் அழுத்தம் புரண்டு, கெட்ட ரத்தம் உடம்புக்குப் பாயத் தொடங்கும். உதடும் நகமும் நீலமாகும். அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால் இதயத்துக்கு மூச்சுவிட இருந்த ஒரே வழியை அடைத்தது போலாகும், உயிரே போகலாம். ஆக்ஸிஜன் கொடுத்து அழுத்தங்களை அளந்து, அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பதும் கேத் லேப் வேலைதான். பதினான்கு வயதில் முதல்முறை வந்த பிள்ளையின் பெற்றோரிடம் “இனி மூட முடியாது” என்று சொல்லும் சொற்களைவிடக் கனமான சொற்கள் எங்களிடம் இல்லை. இரண்டு வயதில் ஒரு மணி நேர வேலை அது.

மேசையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் இதே நீண்ட பார்வை வேண்டும். மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தம் கால் லிட்டர்தான். எனவே சோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு மில்லியையும் எழுதி வைக்கிறோம். அறையைச் சூடாக்கி, கைகால்களைப் பஞ்சில் சுற்றுகிறோம். குழந்தையின் செல்கள் கதிர்வீச்சை எளிதில் தாங்காது, அதன் விளைவு வெளிப்பட நீண்ட ஆயுளும் முன்னால் இருக்கிறது. ஆகவே நொடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்து, கதிர் விழும் பரப்பைச் சுருக்கி, எக்கோவில் பார்க்க முடிந்ததை எக்ஸ்ரேயில் பார்ப்பதில்லை. “சார், காலை எடுங்க” என்று பெடலிலிருந்து என் காலை எடுக்கச் சொல்லும் உரிமை எங்கள் டெக்னீஷியனுக்கு உண்டு. சொல்ல வேண்டும் என்பது விதி.

வளர்ந்து திரும்பி வருகிறவர்கள்தான் எங்கள் உண்மையான தேர்வாளர்கள். மார்செய் நகரின் ஃபாலோ 1888-ல் விவரித்த நீல நோய்க்குக் குழந்தையில் அறுவை செய்துகொண்டவர்கள், பதின்ம வயதுக்குப் பிறகு வால்வு கசிந்து வருகிறார்கள். பாரிஸில் ஃபிலிப் போன்ஹோஃபர் 2000-ல் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குக் கதீட்டர் வழியாக நுரையீரல் தமனி வால்வு பொருத்திய நாள் முதல், மார்பை இரண்டாம் முறை திறக்காமலே பலருக்கு உதவ முடிகிறது. அதற்குத் தடித்த ஷீத் போக நல்ல தொடைச் சிரை வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அந்தச் சிரையைப் பத்திரமாக விட்டுவைத்திருந்தால் எங்கள் வேலை சுலபம். அந்த முன்னவரை நான் பார்த்ததில்லை. ஆனால் மனதார நன்றி சொல்லியிருக்கிறேன்.

அதனால் என் குறிப்பையும் அப்படி ஒருவர் படிப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன். எந்தச் சிரை, எத்தனை ஃபிரெஞ்ச், எந்தக் கருவி, என்ன அளவு, என்ன தொடர் எண், மிச்சம் விட்ட அழுத்தம் எவ்வளவு, செய்யாமல் விட்டது எது, ஏன். அதன் ஒரு பிரதியை பெற்றோர் கையில் கொடுத்து, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள் என்கிறேன். பிள்ளையின் பல்லைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஈறு வழியாகப் போகும் கிருமி இதயத்தில் தங்கலாம். பெண்பிள்ளை என்றால், கல்யாணமாகிக் குழந்தை பெறத் திட்டமிடும்போது ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறேன். புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்கு ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறேன். கையுறை மாட்டுவதற்கு முன், இந்தக் குழந்தைக்கு இருபது வயதாகும்போது நாம் இன்று செய்வது என்னவாக இருக்கும் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத முடியாதவர் அன்றைக்கு மேசைக்கு வர வேண்டாம், எக்கோ அறைக்குத் திரும்பிப் போய் மறுபடி அளக்கட்டும்.